ஜெனியைக் கூட்டிவரக் கரம்பொன்னுக்கு

பண்ணைப் பாலத்தின் நடுவில் எங்கள் பேருந்தின் முன்கதவு கழன்று விழுந்தது. சோளகக் காற்று அதைத் தெருவில் சிறிது தூரம் இழுத்துச் சென்று, கடலுக்குள் தள்ளாமல் விட்டது. நடத்துநர் இறங்கி ஓடிக் கதவைத் தலையில் சுமந்து வந்தார். அதை வைக்க இடம் தேடிய அவருடைய பார்வை என் மடியில் வந்து நின்றது.

"தங்கச்சி ஊர்காவற்றுறை மட்டும்தானே? அப்ப இதை ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளும்."

பாதிக் கதவு என் மடியிலும், மீதி பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மாவின் மரக்கறிக் கூடையிலும் அமர்ந்தன. "காத்து உள்ள வருதண்ணை" என்று பின்னாலிருந்து ஒருவர் முறைப்பட்டார்.

"கதவு இருக்கேக்கையும் வந்ததுதானே?" என்றார் நடத்துநர்.

கடற்படையின் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். "கதவையும் இறக்கிறதோ?" என்று கூடைக்கார அம்மா கேட்டார். "அதுக்கு அடையாள அட்டை இல்லையணை, இருக்கட்டும்" என்றார் நடத்துநர். போர்நிறுத்தம் வந்து இரண்டாம் ஆண்டு அது. சாவடியில் நின்றுகொண்டு சிரிக்கலாம் என்பதே அந்தப் பேருந்தில் பலருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, முன்னால் நிற்பவனின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் தொடர்ந்தார்கள்.

இளம் மாலுமி ஒருவன் என் கடவுச்சீட்டைப் புரட்டினான். இலங்கைக் கடவுச்சீட்டு, உள்ளே ஆண்டுக்கொன்றாக இந்திய விசாக்கள். அவன் தன் தோழனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் என்னைப் பார்த்தனர். கூடைக்கார அம்மா மொழிபெயர்த்தார்: "மெட்ராசில படக்காரரைக் கண்டிருக்கிறீரோ எண்டு கேக்கிறான்." நான் ஒருவரையும் கண்டதில்லை. அதைச் சொன்னபோது அவன் உண்மையிலேயே ஏமாந்துபோனான்.

நான் போனது ஒரு பிள்ளையைக் கூட்டிவர. என் அக்காவின் மகள் ஜெனிக்கு ஏழு வயது. அவள் சென்னையில் பிறந்தவள். நாங்கள் தொண்ணூறாம் ஆண்டில் தீவை விட்டுப் போனோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்று முதல் சென்னையில் வாடகை வீடுகளில் இருக்கிறோம். நான் அங்கேதான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் அத்தான் ஜெனியைத் தன் தமக்கையிடம் காட்டிவர ஊர்காவற்றுறைக்குப் பக்கத்திலுள்ள கரம்பொன்னுக்குக் கூட்டிச் சென்றார். திரும்பும் நாளில் அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அத்தான் மனமிளகி, இன்னும் சில வாரம் இருக்கட்டும் என்று விட்டுவந்தார். பள்ளிக்கூடம் தொடங்கியும் அவள் வரவில்லை. "சமாதானம் வந்திட்டுது, நாங்களும் ஒருநாள் போறதுதானே, இருக்கட்டுமன்" என்று அத்தான் சொல்லத் தொடங்கிய அன்று, அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"மாதம் முடிய முன்னம் அவள் இங்க வரவேணும். விசா முடிஞ்சால் பிறகு புதிசாக் கேக்க வேணும். தருவினமோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? நீ போய்க் கூட்டிக்கொண்டு வா."

அக்கா அதிகம் பேசுகிறவள் அல்ல. நானும் அப்படித்தான்.

றீற்றா அக்கா, அதாவது அத்தானின் தமக்கை, வீட்டு வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்த கறுத்த, மெலிந்த சிறுமியை யாரோ அயலவரின் பிள்ளை என்று எண்ணிக் கடந்து உள்ளே பார்த்தேன். அந்தச் சிறுமிதான் எழுந்து, "சின்னம்மா" என்றாள். சென்னையில் அவள் என்னைச் சித்தி என்றுதான் அழைப்பாள். கைகளில் செதில் இருந்ததால் முழங்கைகளால் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இந்த வீட்டில் இருப்பவர்கள் இருவரே: றீற்றா அக்காவும் அவருடைய கணவர் சூசையண்ணையும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக மாறியிருந்துவிட்டுத் திரும்பிவந்து, சுவர்கள் மட்டும் மிஞ்சிய வீட்டுக்குக் கூரை போட்டவர்கள். பிள்ளைகள் இல்லை. சூசையண்ணை ஒரு வள்ளத்தில் விடியுமுன் கடலுக்குப் போய், முற்பகலில் கரைக்கு வருவார்.

மதியம் எனக்கு முன்னறையில் கதிரை போட்டு, மேசையில் சோறு வைத்தார்கள். விளைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை. சூசையண்ணை எதிரே அமர்ந்தார்.

"மெட்ராசில மீன் கிடைக்குமோ தங்கச்சி?"

"கிடைக்கும் அண்ணை. ஆனால் ஐஸில் வைத்ததுதான்."

"அப்ப அது மீனில்லை, பிரேதம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார்.

ஜெனியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் குசினியில், அடுப்படித் தரையில் அமர்ந்து, நாங்கள் முடிப்பதற்காக றீற்றா அக்காவோடு காத்திருந்தாள். அவர்களுடைய சட்டியில் மீனின் வாலும் சிறு சூடை மீன்களுமே இருந்தன. நானும் அங்கே வந்து இருக்கிறேன் என்றேன். "வந்த ஆக்களைக் குசினியில இருத்திறதோ? நல்லாயிருக்கு" என்று றீற்றா அக்கா கையை உதறினார்.

"ஜெனியும் வந்தவள்தானே, அக்கா?"

ஜெனி சொன்னாள்: "நான் வந்து கனகாலம்."

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக் கிணறு உவர். குடிநீர் பவுசரில், அதாவது தண்ணீர் லாரியில், வருகிறது. குடங்களோடு தெருவில் நிற்கிறார்கள். அந்த ஆண்டு சென்னையில் மழை பொய்த்து, நாங்களும் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றோம். ஆனால் சென்னையில் வரிசை உடைந்தால் சண்டை வரும். இங்கே வரிசையே இல்லை. "உங்கட வீட்டில ஆள் வந்திருக்கெல்லே, நீ முதல் பிடி" என்று ஜெனியை முன்னால் விட்டார்கள். அவள் நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். சென்னையில் அக்கா அவளுக்குத் தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கொடுப்பாள்.

அன்று பின்னேரம் அவளோடு பேசினேன். கோயில் மதிலில் இருவரும் அமர்ந்திருந்தோம். இங்கே தேவாலயத்தைக் கோயில் என்றும், வழிபாட்டைப் பூசை என்றுமே சொல்வார்கள்.

"அம்மா உன்னைத் தேடுறா."

"அம்மாவை இங்க வரச் சொல்லுங்கோ."

"உன் விசா முடியப்போகிறது, ஜெனி."

"எனக்கு ஏன் விசா? என்ர பாஸ்போட்டில இலங்கை எண்டுதானே கிடக்கு?"

கேள்வி சரியானது. விசா அவள் பிறந்த ஊருக்குத்தான் தேவைப்பட்டது. பிறந்திராத இந்த ஊருக்குத் தேவைப்படவில்லை. இங்கே அவள் விருந்தாளி, ஆனால் சட்டப்படி உரியவள். அங்கே அவளுடைய கட்டில், பள்ளிக்கூடம், தாய்; ஆனால் ஆண்டுதோறும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியவள்.

"அங்க பள்ளிக்கூடத்தில என்னைச் சிலோன் எண்டு கூப்பிடுறவை" என்றாள்.

"இங்கேயும் உன்னை இந்தியாப் பிள்ளை என்றுதானே கூப்பிடுகிறார்கள்? பவுசரடியில் கேட்டேனே."

அவள் சற்று யோசித்தாள். "அது செல்லமாக் கூப்பிடுறவை" என்றாள்.

மறுநாள் காலையில் அவளுடைய தலையைக் கண்டு திடுக்கிட்டேன். இரவில் பின்னல் அவிழ்ந்த மயிர் நான்கு திசையிலும் நின்றது. சீப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவள் முற்றத்தைத் தாண்டி ஓடிவிட்டாள். பின்னால் போகத் திரும்பியபோதுதான் றீற்றா அக்காவையும் பார்த்தேன். அவருடைய கூந்தலும் வாரப்படாமல் ஒரு முடிச்சாகக் கிடந்தது.

"விடும், தங்கச்சி" என்றார். "அந்தாள் கடலில. வள்ளம் கரைக்கு வராமல் இந்த வீட்டில பொம்பிளையள் தலை இழுக்கிறதில்லை."

தலை இழுப்பது என்றால் தலைவாருவது. நான் காரணம் கேட்டேன்.

"காரணமோ? என்ர அம்மா இழுக்கயில்லை, நானும் இழுக்கயில்லை. கேட்டுப் பிடிச்ச பழக்கமில்லை இது. இவளுக்கும் நான் சொல்லித் தரயில்லை, அம்மாவாணை. ஒருநாள் பாத்தால் சீப்பைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வைச்சிட்டு, கடற்கரையைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

முற்பகலில் வள்ளம் வந்தது. கரையில் நின்ற ஜெனி அதன் முனை தெரிந்ததுமே ஓடிவந்து, றீற்றா அக்காவின் முன் முதுகைக் காட்டி அமர்ந்தாள். றீற்றா அக்கா எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் பின்னினார். பிறகு தன் தலையை வாரிக்கொண்டார். நாள்தோறும் இதுதான் ஒழுங்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது றீற்றா அக்கா கேட்டேவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"விட்டிட்டுப் போமன், பிள்ளை. நான் பெறயில்லை எண்டதுக்காகக் கேக்கிறனெண்டு நினையாதையும். அவள் தானா ஒட்டிக்கொண்டிட்டாள். இங்க பள்ளிக்கூடம் இருக்கு, ஆசுப்பத்திரி இருக்கு. இப்ப வெடிச் சத்தமும் இல்லை."

"இப்ப இல்லை அக்கா" என்றேன்.

அந்த 'இப்ப' என்ற சொல்லை அவரும் சொன்னார், நானும் சொன்னேன். அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "கொக்கா என்ன சொல்லிவிட்டவ?" என்று என் அக்காவைப் பற்றிக் கேட்டார்.

"கூட்டிக்கொண்டு வரச் சொன்னா."

"அப்ப கூட்டிக்கொண்டு போம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் நேரே உள்ளே போய், எனக்கென்று பொரிமாவும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் கருவாடும் கட்டத் தொடங்கினார். கருவாட்டை மூன்று தாளில் சுற்றினார், விமானத்தில் மணக்குமாம். மூன்று தாளையும் தாண்டி அது மணந்தது.

சூசையண்ணை இந்தப் பேச்சில் ஒருபோதும் கலந்துகொள்ளவில்லை. இரவு வலையை மடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "நாளைக்கு எத்தினை மணி பஸ்?"

"பத்தரைக்கு, அண்ணை."

"அதுக்கு முன்னம் வந்திடுவன்" என்றார். ஜெனி அவருடைய முதுகில் சாய்ந்து, கேளாதவள்போல இருந்தாள். அவளிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

புறப்படும் நாள் காலையில் பைகளோடு கடற்கரைக்குப் போனோம். பேருந்து நிறுத்தம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஜெனி புதுச் சட்டை போட்டிருந்தாள். தலை மட்டும் பறந்தபடி இருந்தது. வள்ளம் வந்ததும் வாரிக்கொண்டு ஏறிவிடலாம் என்பது திட்டம். றீற்றா அக்கா சீப்பையும் நாடாவையும் கையில் வைத்திருந்தார்.

மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சூசையண்ணையின் வள்ளம் வரவில்லை. காற்று பலத்துக்கொண்டிருந்தது. றீற்றா அக்கா ஒவ்வொரு வள்ளத்துக்கும் எழுந்து நின்று, பெயர் சொல்லாமல், "எங்கட ஆளைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார். இருவர் காணவில்லை என்றனர். அவருடைய முகம் வெளிறியது. ஜெனி அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக வந்த ஓர் இளைஞன் வள்ளத்தை இழுத்தபடியே சொன்னான்: "கண்டனான் அக்கா. அந்தப் பக்கம் நிக்கிறார்."

"இயந்திரம் பழுதோ?"

"ஒண்டும் பழுதில்லை. வலையும் எடுத்து முடிஞ்சுது. நானும் வாங்கோவன் எண்டு கூப்பிட்டனான். 'நீ போ, நான் பிறகு வாறன்' எண்டவர். சும்மா குந்தியிருந்து ரோட்டைப் பாக்கிறார்."

றீற்றா அக்கா மணலில் அப்படியே அமர்ந்து, சிரிக்கவும் அழவும் தொடங்கினார்.

"விசரன்! பஸ் போனாப் பிறகு வரப்போறார். பிள்ளை போறதைப் பாக்க ஏலாமல் ஒளிச்சிருக்கிறார். அட, விசர் மனிசா, நீ வராமல் அவள் தலை இழுப்பாளோ? தலை இழுக்காமல் அவள் வெளிக்கிடுவாளோ?"

பேருந்து ஒலியெழுப்பியது. நான் ஜெனியின் கையைப் பிடித்தேன். ஏழு வயதுக் கை, இழுத்தால் வந்துவிடும். "வாரிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, ஜெனி. பேருந்தில் வாரலாம்" என்றேன்.

அவள் கையை உதறவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருபவள்போலச் சொன்னாள்: "மாமா கடலில, சின்னம்மா."

நான் அவளுடைய கையை விட்டேன். கொழும்பில் தங்குவதற்கென வைத்திருந்த ஒரு நாள் மிச்சமாக இருந்தது என்பதை இப்போது நியாயமாகச் சொல்லலாம். அந்தக் கணத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. பேருந்து எங்களைக் கடந்து, புழுதி கிளப்பி, தெருவளைவில் மறைந்தது.

சிறிது நேரத்தில் வள்ளம் தெரிந்தது. பேருந்து போவதைக் கடலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் அவர் இயந்திரத்தை முடுக்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்து, கரையைப் பாராமல் வந்தார். வள்ளம் மணலில் முட்டியபோதுதான் நிமிர்ந்தார். எதிரே, முழங்காலளவு தண்ணீரில், புதுச் சட்டை நனைய ஜெனி நின்றாள்.

"ஏன் பிந்தினனீங்கள்?" என்று கேட்டாள்.

"காத்து" என்றார் அவர்.

"பொய்."

அவர் அவளைத் தூக்கி வள்ளத்துக்குள் மீன்களின் நடுவே இருத்தினார். தான் மட்டும் தண்ணீரில் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கழுவ வேண்டியிராத ஒரு வலைத் துண்டை நெடுநேரம் கழுவினார்.

பின்னேரம் தொலைபேசிக் கடையிலிருந்து அக்காவுடன் பேசினேன். பேருந்தைத் தவறவிட்டோம் என்றேன். கண்டிப்பாள் என்று காத்திருந்தேன்.

"சூசையண்ணை கடலுக்குப் போனவரோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப அவள் தலை இழுத்திருக்க மாட்டாள்."

நான் வியந்துபோனேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கலியாணம் முடிச்சு மூண்டு வருசம் அந்தக் கரையில நிண்டு உன்ர அத்தானுக்காக வள்ளம் பாத்தனான்" என்றாள் அக்கா. "எப்ப வரும், எப்ப வரும் எண்டு. அதுதான் சொல்லுறன், என்ர பிள்ளை அங்க நிக்க வேண்டாம்." சற்று நிறுத்தி, குரலைத் தணித்தாள். "இண்டைக்கு நிண்டு வா. றீற்றா மச்சாளோட கோவிக்காதை. ஆனா அவளைக் கூட்டிக்கொண்டு வா."

பதின்மூன்று ஆண்டுகளாக ஒன்றாக இருந்தும், அக்கா இந்தத் தீவைப் பற்றி இவ்வளவு பேசியதை நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை அப்படியே றீற்றா அக்காவிடம் சொன்னேன். சூசையண்ணை கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு எனக்குக் குசினியில் பலகை போட்டு, மற்றவர்களோடு சோறு தந்தார்கள்.

மறுநாள் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. அந்த நேரத்தில் வீட்டில் ஆண் குரல் கேட்பது வழக்கமில்லை. சூசையண்ணை குளித்து, பூசைக்குப் போகும்போது கட்டும் வெள்ளைச் சாரத்தை உடுத்து, முற்றத்தில் வந்து நின்றார். வீட்டிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, தேவைக்கு மேலான குரலில் சொன்னார்: "இண்டைக்கு நான் கடலுக்குப் போகயில்லை."

ஜெனி பாயிலிருந்து எழுந்தாள். கடற்கரைப் பக்கம் ஓடினாள். வள்ளம் மேட்டில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டிருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது ஓடவில்லை, நடந்து வந்தாள். அலுமாரியைத் திறந்து சீப்பை எடுத்து, றீற்றா அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் முன்னே முதுகைக் காட்டி அமர்ந்தாள்.

றீற்றா அக்கா வகிடு எடுக்கத் தொடங்கினார். வகிடு கோணியது. அழித்துவிட்டு மறுபடியும் எடுத்தார். சூசையண்ணை இம்முறை எங்கும் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, அவர்களுக்கு நேரெதிரே அமர்ந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தில சிக்குப் பிடிச்சுக் கிடக்கு" என்றார் மனைவியிடம். "மெல்ல இழும். பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு."